தொடக்கப்பள்ளியில் மாணவத் தலைவர்களை வைத்துச் சீண்டலைத் தடுக்க முடியுமா?

கரிசல்டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள், இரண்டே ஆசிரியர்கள். அரசின் 'மகிழ் முற்றம்' திட்டம் வந்த பிறகு எங்கள் பள்ளியிலும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் குழு பிரித்தோம். தலைவர்களும் வந்தாயிற்று. பேட்ஜைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிகிறார்கள். இப்போது தலைமையாசிரியர் என்ன சொல்கிறார் என்றால், "தலைவர்கள்தான் இருக்கிறார்களே, சண்டை சச்சரவை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். யார் யாரைக் கிண்டல் செய்தாலும் நோட்டில் பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏன் வேண்டாம் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லவும் வரவில்லை.

எங்கள் பள்ளியில் பெரிய அடிதடி எல்லாம் கிடையாது. மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்குத் திக்குவாய். அவன் வாயைத் திறந்ததும் நாலைந்து பேர் அதே மாதிரி இழுத்துப் பேசிக் காட்டுவார்கள். இன்னொரு பெண் குழந்தை காலை உணவுக்கு உட்கார்ந்தால் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். கேட்டால் "எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும் டீச்சர்" என்கிறது. சாப்பாட்டு வரிசை, தண்ணீர்க் குழாய், கழிப்பறைப் பக்கம், வீட்டுக்குப் போகும் வழி, எங்கெல்லாம் நாங்கள் இருவரும் இல்லையோ அங்கேதான் நடக்கிறது. பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அதனால் தலைவர்களால் ஏதாவது செய்ய முடியும் என்றும் தோன்றுகிறது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மி.மி.அ. எழுதியது:

நோட்டா? ஐயோ, வேண்டவே வேண்டாம் டீச்சர்.

என் புனைபெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். சார் ஆபீஸ் ரூமுக்குப் போனதும் சாக்பீஸ் லீடர் கைக்குப் போகும். கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பு, கீழே அடிக்கோடு. முதல் தடவை வெறும் பெயர். அப்புறம் பெயர் பக்கத்தில் 'அ', அப்புறம் 'மி.அ.', கடைசியில் 'மி.மி.அ.', அதாவது மிக மிக அடங்கவில்லை. எங்கள் வகுப்பில் இதற்கு ஒரு விலைப்பட்டியலே இருந்தது. நெல்லிக்காய் கொடுத்தால் ஒரு 'மி' குறையும். வாசனை ரப்பர் கொடுத்தால் பெயரே அழிந்துவிடும். என்னிடம் ரெண்டும் கிடையாது. நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் முதல் பெயர் என்னுடையதுதான். சார் வந்து கையை நீட்டச் சொல்வார்.

அதை யாரும் சீண்டல் என்று சொல்லவில்லை. ஏனென்றால் அது சார் கொடுத்த டூட்டி.

ஓய்வுதலைமையாசிரியர் எழுதியது:

தம்பி சொல்வது கரும்பலகை வருவதற்கு முன்பே இருந்த கதை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். வாத்தியார் இல்லாத நேரம் அவன்தான் வாத்தியார். முறை சொல்லிக் கொடுப்பதும் அவன், பிரம்பு எடுப்பதும் அவன். 1789 முதல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகள் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். ஒரு பிள்ளையை வைத்து இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஆசிரியர் குறைவு, பிள்ளைகள் அதிகம், செலவு கம்மி. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

இரண்டு ஆசிரியர் பள்ளிக்கும் அதே ஆசைதான் வரும். அந்தத் தலைமையாசிரியரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது மனுஷனுக்கு. ஆனால் 'அ, ஆ' சொல்லிக் கொடுக்க ஒரு பிள்ளையை வைப்பது வேறு. குற்றம் எது, யார் செய்தது என்று தீர்ப்புச் சொல்ல வைப்பது வேறு.

கிள்ளான்அம்மா எழுதியது:

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் என் மகள் ஐந்தாம் ஆண்டு. மாணவர் தலைவர்களுக்கு இங்கே தனி நிறச் சீருடை. தூரத்திலிருந்தே தெரியும். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. முதலாம் ஆண்டுப் பிள்ளை தொலைந்து போனால் யாரிடம் போவது என்று அதற்குத் தெரிகிறது. பகடிவதை (சீண்டலுக்கு இங்கே அந்தப் பேர்தான்) செய்கிற பிள்ளைகளுக்கும் தெரிகிறது, அந்தச் சட்டை கண்ணில் பட்டால் நிறுத்திவிட்டு, போனதும் தொடர்வார்கள். மகளைக் கேட்டார்கள், அவள் மறுத்துவிட்டாள். "தலைவரானால் ஓய்வு நேரத்தில் யாரும் என்னோடு விளையாட மாட்டார்கள்" என்றாள்.

துர்க்குவாசி எழுதியது:

பின்லாந்தில் துர்க்கு நகரில் இருக்கிறேன். பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் 'கிவா' என்ற சீண்டல் தடுப்புத் திட்டம் உருவானது. 2006இல் கல்வி அமைச்சின் உதவியோடு தொடங்கி, 2009 முதல் நாடு முழுக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு அடிப்படை கிறிஸ்டினா சல்மிவல்லி குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை சீண்டும்போது அங்கே இருவர் மட்டும் இல்லை. கூடச் சேர்ந்து செய்பவன், சிரித்து ஏற்றிவிடுபவன், பார்க்காத மாதிரி நகர்பவன், பாதிக்கப்பட்டவன் பக்கம் நிற்பவன் என்று வகுப்பே அதில் இருக்கிறது. டீச்சர் சொன்ன திக்குவாய்ப் பையன் விஷயத்திலும் இழுத்துப் பேசிக் காட்டுவது நாலு பேர் என்றால், சிரிப்பது எத்தனை பேர் என்று பாருங்கள். அந்தச் சிரிப்பு நின்றால் பேசிக் காட்டுபவனுக்கு அதில் என்ன கிடைக்கும்?

இங்கே எனக்குப் பிடித்த ஒரு விஷயம். இடைவேளையில் பளிச்சென்று மேல்சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்பவர்கள் ஆசிரியர்கள், பிள்ளைகள் இல்லை. சீண்டல் என்று தெரிந்தால் பள்ளியில் பயிற்சி பெற்ற பெரியவர்கள் குழு ஒன்று பாதிக்கப்பட்ட பிள்ளையிடமும் சீண்டிய பிள்ளைகளிடமும் தனித்தனியாகப் பேசும். பிறகு வகுப்பாசிரியர் இரண்டு முதல் நான்கு பிள்ளைகளை அழைப்பார். நல்ல மனசுக்காரர்களாக இருக்க வேண்டும், வகுப்பில் மற்றவர்கள் மதிக்கும் பிள்ளைகளாகவும் இருக்க வேண்டும். "இவனுக்கு இப்போது கஷ்டமாக இருக்கிறது, நீங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்பார். அவர்கள் வேலை அவனோடு இருப்பது மட்டும்தான். சீண்டியவனை விசாரிப்பது அவர்கள் வேலை இல்லை.

சின்னச் சண்டைகளுக்குச் சமரசம் செய்ய மூத்த மாணவர்களைப் பழக்கும் முறையும் இங்கே தனியாக உண்டு. பந்து யாருக்கு, வரிசையில் யார் முதல் என்கிற வகை. தொடர்ந்து ஒருவனையே குறிவைக்கும் சீண்டலை அங்கே கொண்டுபோக மாட்டார்கள். சமரசம் என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டுமே. திக்குவாய்ப் பையன் எதை விட்டுக்கொடுப்பான்?

கோவைஅப்பா எழுதியது:

எல்லாம் சரி. நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். என் மகள் நாலாவது படித்தபோது அவளை ஒதுக்கியதே கேப்டன்தான். பெரிய தனியார் பள்ளி, பெயர் வேண்டாம். அந்தப் பெண் அடிக்கவில்லை, திட்டவில்லை. "அவகூடப் பேசினா நான் உன்கூட டூ." இவ்வளவுதான். பிறந்தநாள் சாக்லேட் என் மகள் டெஸ்க்கை மட்டும் தாண்டிப் போகும். புகார் சொல்லப் போனால் வகுப்பு ஆசிரியை "அந்தப் பொண்ணா? ரொம்ப நல்ல பொண்ணாச்சே, எங்க ஸ்கூல் கேப்டன்" என்றார். அந்த பேட்ஜைத் தாண்டி யாரும் எதையும் பார்க்கத் தயாராக இல்லை.

பணம் வாங்கும் பள்ளியோ அரசுப் பள்ளியோ, பிள்ளையைப் பாதுகாப்பது பெரியவர்கள் பொறுப்பு. கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு மன உளைச்சல் தருவதைக்கூடத் தடை செய்கிறது. அதை மீறினால் பதில் சொல்ல வேண்டியது பெரியவர்கள். பத்து வயதுப் பிள்ளை தலையில் ஏன் இதைக் கட்டுகிறீர்கள்?

கல்வியியல்மாணவி எழுதியது:

கோவைஅப்பா சொல்வதற்கு ஆய்வு ஆதாரமே இருக்கிறது. டோஃபி, ஃபாரிங்டன் இருவரும் 2011இல் பல நாட்டுச் சீண்டல் தடுப்புத் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் சீண்டல் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் மாணவர்களையே சமரசக்காரர்களாகவும் வழிகாட்டிகளாகவும் வைத்த திட்டங்களில், சீண்டலுக்கு ஆளாகிறவர்கள் கூடியிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அதே சமயம் இன்னொன்று. கனடாவில் ஹாக்கின்ஸ், பெப்லர், கிரெய்க் ஆகியோர் தொடக்கப்பள்ளி மைதானத்தில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவு செய்தார்கள். 2001இல் வெளியானது. சீண்டல் நடந்தவற்றில் 88 சதவீதத்தில் வேறு பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். குறுக்கே வந்தது 19 சதவீதத்தில்தான். ஆனால் அப்படி வந்தபோது பாதிக்கு மேல், பத்து நொடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. எந்த ஆசிரியராலும் பத்து நொடியில் குழாயடிக்கு ஓட முடியாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இது. பிள்ளை பிள்ளையாகக் குறுக்கே வந்தால் வேலை செய்கிறது. குட்டி அதிகாரியாக வந்தால் கெடுகிறது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில் செய்த ஆய்வும் உண்டு (2016இல் வெளியானது, பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள்). ஆசிரியருக்குப் பிடித்தவர்களை எடுக்கவில்லை. யாரோடு அதிக நேரம் இருக்கிறாய் என்று எல்லாப் பிள்ளைகளையும் கேட்டு, அதிலிருந்து செல்வாக்குள்ளவர்களைக் கண்டுபிடித்தார்கள். நல்லது செய்கிற சக மாணவருக்கு இவர்கள் கையில் ஓர் ஆரஞ்சுப் பட்டை கொடுப்பார்கள். சண்டைக்காக எழுதப்பட்ட புகார்கள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. செல்வாக்குள்ள பிள்ளைகள் அதிகம் சேர்ந்த குழுக்களில் பலன் இன்னும் கூடுதல்.

தாமிரபரணி எழுதியது:

//கையில் ஓர் ஆரஞ்சுப் பட்டை//

அம்மா தாயே, எங்க பக்கம் மட்டும் அந்தப் பட்டையைக் கொண்டு வந்திராதீக. கையில் என்ன நிறத்தில் கயிறு கட்டியிருக்கான் என்று பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ளும் ஊர் எங்களுடையது. நாங்குநேரியில் 2023இல் சாதிப் பகையில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் அந்த வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது.

டீச்சர், இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைவர்களை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தீர்களா? எங்கள் ஊரில் தேர்தல் வைத்தால் எந்தத் தெருவில் வீடு அதிகமோ அந்தத் தெருப் பிள்ளைதான் ஜெயிக்கும். ஐந்து வயதில் அதற்கு ஒன்றும் தெரியாது, வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பெண் குழந்தை பக்கத்தில் யாரும் ஏன் உட்காருவதில்லை என்பதும் அந்தத் தெருக்கணக்காக இருந்தால், அதே கணக்கில் வந்த தலைவரிடம் அதைச் சரிசெய்யச் சொல்வது எப்படி? அது பிள்ளைகள் விவகாரமே இல்லை. நீங்களும் தலைமையாசிரியரும் வீட்டுப்படி ஏறிப் பேச வேண்டியது.

கரிசல்டீச்சர் எழுதியது:

தாமிரபரணி, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டுதான் போட்டோம். நீங்கள் சொன்ன பிறகு ஜெயித்தவர்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளை விஷயத்தை நானே பேசுகிறேன். இதற்கு மேல் பொதுவில் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மற்றவர்களுக்கு நன்றி. "அதிகாரி வேண்டாம், துணை போதும்" என்பது வரை எனக்குப் பிடிபட்டுவிட்டது. நடைமுறையில் என்ன சொல்லிக் கொடுப்பது? "துணையாக இரு" என்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

வவுனியாரீச்சர் எழுதியது:

எங்கட பக்கம் மாணவத் தலைவர் எண்டால் பெரிய விசயம். சின்னம் சூட்டுற விழா வைச்சு, அதிபரும் பெற்றோரும் வந்து, படம் எடுத்து... ஆனால் ஆரம்பப் பிரிவில ஒரு சிக்கல். தரம் 5 பிள்ளையளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. பள்ளிக்கூடம், ரியூசன், மாதிரி வினாத்தாள் எண்டு மூச்சு விட நேரமில்லை. "மிஸ், பிள்ளைக்குக் கடமை ஒண்டும் குடுக்காதையுங்கோ" எண்டு தாய்மார் வந்து நிப்பினம். அதால தரம் 4 பிள்ளையளை எடுத்தம். தவணைக்குத் தவணை ஆள் மாத்துறம். அது பிறகு நல்லதாப் போச்சு. போன தவணை தலைவரா இருந்த பிள்ளை இந்தத் தவணை சும்மா பிள்ளை. அதிகாரம் ஒட்டிக்கொள்ள நேரமில்லை.

நாங்கள் சொல்லிக் குடுக்கிறது ஒண்டே ஒண்டுதான். பட்டம் தெளிக்கிற, அதாவது பட்டப்பேர் சொல்லிப் பகிடி பண்ணுற பிள்ளையோட கதைக்கப் போகாதை. பகிடிக்கு ஆளாகிற பிள்ளையிட்டப் போ. "வா, விளையாடுவம்" எண்டு கூட்டிக்கொண்டு வா. சண்டை பிடிக்கத் தேவையில்லை, நியாயம் கேக்கத் தேவையில்லை. இதை வகுப்பில நடிச்சுப் பாக்க வைப்பம். ஒரு பிள்ளை பகிடி பண்ணுறது மாதிரி, இன்னொண்டு வந்து கூட்டிக்கொண்டு போறது மாதிரி. முதல் தரம் எல்லாம் சிரிக்குங்கள். திரும்பத் திரும்பச் செய்ய வாயில வந்திடும். ஆனால் அடி விழுது, கல்லுக் கையில எண்டால் கிட்டப் போகக் கூடாது, ஓடி வந்து ரீச்சரிட்டச் சொல்ல வேணும். இதையும் நடிச்சுக் காட்டோணும்.

மி.மி.அ. எழுதியது:

ரீச்சர், அங்கேதான் இடிக்கிறது. ஓடி வந்து சொன்னால் 'கோள்மூட்டி' என்று பேர் வருமே? எங்கள் காலத்தில் அந்தப் பேர் வாங்கினால் ஆயுளுக்கும் போகாது.

ஓய்வுதலைமையாசிரியர் எழுதியது:

எங்கள் பள்ளியில் இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். தலைவர் மட்டும் வந்து சொன்னால்தானே கோள்? வீட்டுப்பாட நோட்டில் கையெழுத்து வாங்க எல்லாப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக என் மேசைக்கு வருவார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "இன்றைக்கு யாராவது தனியாக நின்றார்களா?" யார் யாரை அடித்தார்கள் என்று கேட்பதில்லை. முக்கால்வாசிப் பேர் "இல்லை சார்" என்று ஓடிவிடுவார்கள். ஒன்றிரண்டு பிள்ளைகள் குரலைத் தாழ்த்துவார்கள். யார் சொன்னது என்று வெளியில் யாருக்கும் தெரியாது. பள்ளியில் வைக்கும் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி பெரிய பிள்ளைகளுக்குச் சரி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை எங்கே எழுதிப் போடப்போகிறது?

கரிசல்டீச்சர் எழுதியது:

இந்தக் கேள்வியை நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன் ஐயா. இதுவரை யோசித்து வைத்திருப்பதை எழுதுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

நோட்டு கிடையாது. தலைவர்கள் மாதாமாதம் மாறுவார்கள், நாலு, ஐந்தாம் வகுப்பில் எல்லோருக்கும் முறை வரும். காலை உணவுக்குக் குழு வாரியாக உட்கார்ந்தால் இடம் பிடிக்கும் சண்டை இல்லை, தலைவர் கடைசியாக உட்காருவார், யார் பக்கத்தில் காலியோ அங்கே. மதிய இடைவேளையில் கிளித்தட்டு, நொண்டி ஆரம்பித்து வைப்பது அவர்கள் வேலை, கேட்டு வருகிற யாரையும் "ஆள் சேர்ந்தாச்சு" என்று திருப்பி அனுப்பக் கூடாது. இவை தவிர வேறு கடமை எதுவும் இல்லை. இழுத்துப் பேசிக் காட்டுவதை நானும் தலைமையாசிரியரும் நேரடியாகப் பேசித் தீர்ப்போம்.

ஒரே ஒரு சந்தேகம். பேசிக் காட்டுகிறவர்களில் முதல் ஆள் பயங்கரக் கெட்டிக்காரன். அவன் சிரித்தால் வகுப்பே சிரிக்கும். அவனையே முதலில் தலைவராக்கினால் என்ன?

ஓய்வுதலைமையாசிரியர் எழுதியது:

தாராளமாக. குறும்பன் கையில் பொறுப்பைக் கொடுத்தால் அடங்குவான். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கோவைஅப்பா எழுதியது:

மன்னிக்கணும் ஐயா, ஒத்துக்கொள்ள முடியாது. அந்தத் திக்குவாய்ப் பையன் கண்ணால் பாருங்கள். தன்னைத் தினமும் அழவைப்பவன் நெஞ்சில் டீச்சர் பேட்ஜ் குத்துகிறார். அவன் இனி யாரிடம் போய்ச் சொல்வான்?

கல்வியியல்மாணவி எழுதியது:

நானும் கோவைஅப்பா பக்கம்தான். செல்வாக்கு இருப்பது மட்டும் போதாது, துர்க்குவாசி சொன்ன மாதிரி நல்ல மனசும் சேர்ந்திருக்க வேண்டும். சீண்டல் முதலில் நிற்கட்டும், பிறகு அவன் முறை வரும்போது வரட்டும். அதற்குள் வேறு பிள்ளைகள் மேல் அதிகாரம் இல்லாத ஒரு வேலை கொடுத்துப் பாருங்களேன்.

டீச்சர், இன்னொன்று: அந்தப் பையன் திக்கும்போது தலைவர்கள் பாதியில் சொல்லை எடுத்துக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். நல்ல மனசில்தான் செய்வார்கள். அவன் முடிக்கும் வரை காத்திருந்தால் போதும்.

மி.மி.அ. எழுதியது:

மணி அடிக்கிற வேலை கொடுங்க டீச்சர். லீடர் பதவியைவிட அதற்குத்தான் எங்கள் பள்ளியில் அடிபிடி :)

கரிசல்டீச்சர் எழுதியது:

மணி நல்ல யோசனை. அவன் சரியான நேரத்துக்கு அடிப்பானா என்பது வேறு கதை.

தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். நோட்டை விட அவருக்கு அரை மனசுதான், "ஒரு மாசம் பார்ப்போம்" என்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடமும் சொல்கிறோம். 14417 (கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் போகும் வழி பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

வவுனியாரீச்சர் எழுதியது:

அதுக்குத் தலைவர்மார் வேண்டாம் ரீச்சர், சின்னப் பிள்ளையள். ஒரே பக்கம் போற பிள்ளையளை ஒண்டாச் சேர்த்து விடுங்கோ. வழியில கடை வைச்சிருக்கிற ஆக்கள், தையல் மெசினோட வாசல்ல இருக்கிற அம்மாமார் ஆராவது இருப்பினம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அவையளையும் கூப்பிடுங்கோ. எங்கட பக்கம் ஒரு சைக்கிள் கடை ஐயாதான் அந்த வேலையைப் பாக்கிறார்.